பிள்ளையின் பிறந்தநாளுக்குத் துப்பறியும் விளையாட்டு: மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் உறவுக்காரர், அயலவர் வீட்டுப் பிறந்தநாள்களில் பிள்ளைகளுக்குத் துப்பறியும் விளையாட்டு நடத்திக் கொடுத்து வருகிறேன். போனில், பஸ்ஸில், கோவில் வாசலில் என்று எங்கே கேட்டாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். அவசரத்தில் இருப்பவர்கள் 4ஆம், 5ஆம் கேள்விகளை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. துப்பறியும் பார்ட்டின்னா என்ன செய்யணும்? கேக் வெட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

வீட்டில் ஒரு பொருள் காணாமல் போகிறது. வந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் சி.ஐ.டி. ஆகி, தடயங்களைத் தேடி, வீட்டுப் பெரியவர்களை விசாரித்து, எடுத்தது யார், இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். விளையாட்டு அவ்வளவுதான்.

கேக் வெட்டுவதற்கு முன்னால் நடத்துங்கள். கேக் சாப்பிட்ட பிறகு பிள்ளைகளை ஓரிடத்தில் நிறுத்துவது கஷ்டம். காணாமல் போகும் பொருள், அது இல்லாமல் கேக் வெட்ட முடியாத ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. கேக்கின் மேல் வைக்கும் எண் மெழுகுதிரி அதற்கு மிகப் பொருத்தம். கண்டுபிடித்தவுடன் கொளுத்தலாம், பாட்டுப் பாடலாம். விளையாட்டின் முடிவே விழாவின் தொடக்கமாகிவிடும்.

2. எத்தனை வயசுப் புள்ளைக்கு இது சரிவரும்?

ஆறு வயதிலிருந்து செய்யலாம். ஆறு, ஏழு வயதுக்குப் படமாக வரைந்த துப்புகள் போதும். அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். எட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள்தான் இதற்கென்றே பிறந்தவர்கள். இரகசிய எழுத்து, கைரேகை, விசாரணை எல்லாவற்றிலும் முழு மனதோடு இறங்குவார்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை கொடுக்கலாம்.

பதினொன்றுக்கு மேல் என்றால் சந்தேக நபர்களைக் கூட்டி, தடயங்களில் ஒன்றிரண்டைக் குழப்பமாக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு "இவ்வளவுதானா?" என்பார்கள்.

3. எங்களுக்கு லயத்துல ரெண்டு காம்பராதான். இடம் போதுமா?

போதும். பெரிய இடத்தில் பிள்ளைகள் சிதறிப் போவார்கள். சின்ன இடத்தில்தான் ஒவ்வொரு மூலையையும் உற்றுப் பார்ப்பார்கள். இஸ்தோப்பு, உள் காம்பரா, குசினி, வாசல் என்று நாலு இடம் இருந்தால் நாலு தடயத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. சாக்கு மூட்டைக்குப் பின்னால், கூடைக்கு அடியில், கலண்டரின் பின்பக்கம், மாட்டியிருக்கும் ஸ்வெட்டரின் பையில் என்று ஒளிக்க எத்தனையோ இடம் உண்டு.

பத்து, பன்னிரண்டு பிள்ளைகள் வந்தால் மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழு ஓரிடத்தில் இருக்கும்போது மற்றது வேறிடத்தில் இருக்கும்படி சுற்றிவிடுங்கள். குழுவுக்கு ஒரு பெரிய அக்காவோ அண்ணாவோ கூட இருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி அவர்கள் இஸ்தோப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். லயத்தில் ஒரு வீட்டுப் பிறந்தநாள் எப்படியும் வரிசைக்கே பிறந்தநாள்தானே.

4. எனக்குக் கதை எழுதத் தெரியாதே, கதைக்கு எங்க போறது?

நான் பலமுறை நடத்திய ஒரு கதையை முழுதாகத் தருகிறேன். பெயர்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 8 வயது. கேக்கில் வைக்க வாங்கிய "8" மெழுகுதிரியைக் காணோம், வெறும் பெட்டிதான் இருக்கிறது. சந்தேக நபர்கள் நாலு பேர்: மாமா, சித்தி, அம்மாச்சி, அடுத்த வீட்டு அண்ணன். பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கம்பளி நூல் கிடக்கிறது. மாமாவின் தொப்பி சிவப்புக் கம்பளி, சித்தியின் ஸ்வெட்டர் சிவப்பு, அம்மாச்சியின் சால்வை சிவப்பு. அண்ணன் போட்டிருப்பது நீல ஜெர்சி. ஆகவே அண்ணன் இல்லை. (நம் குளிருக்கு எல்லாரும் கம்பளி போட்டிருப்பதால் இந்தத் தடயம் இங்கே இயல்பாகப் பொருந்துகிறது.) அடுத்தது, குசினி வாசலில் தூவிய கோதுமை மாவில் ஒரு செருப்பு அடி. பிள்ளைகள் அடிமட்டத்தால் அளந்து, நாலு பேருடைய செருப்பையும் அளக்கிறார்கள். மாமாவின் செருப்பு மிகப் பெரியது, அவரும் இல்லை. சித்தியின் செருப்பும் அம்மாச்சியின் செருப்பும் ஒரே அளவு. மூன்றாவது, டிஷு தாளில் கறுப்பு மையால் எழுதிய ஒரு குறிப்பு: "மெழுகுதிரி பத்திரமாக இருக்கிறது." சித்தியின் பையில் ஒரு கறுப்புப் பேனை, அம்மாச்சியின் பையில் வேறொரு கறுப்புப் பேனை. எந்தப் பேனையால் எழுதியது என்று சோதிக்கிறார்கள் (எப்படி என்பது 10ஆம் கேள்வியில்). அம்மாச்சியின் பேனைதான்!

பிள்ளைகள் அம்மாச்சியைச் சூழ்ந்துகொண்டு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். "கேக் வெட்டினா நான் சுட்ட பணியாரத்த யாரு தொடுவா? ஆளுக்கொன்னு சாப்பிடுங்க, இடத்த சொல்றேன்" என்று அம்மாச்சி ஓர் இரகசிய எழுத்துத் துண்டைக் கொடுப்பார். அதைப் படித்தால் மெழுகுதிரி இருக்கும் இடம் தெரியும். ஒரு தடயம் ஓர் ஆளை விலக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் நீங்களே எத்தனை கதையும் கட்டலாம்.

5. பெரியவங்களுக்குப் பதிலா புள்ளைகள்ல ஒருத்தரயே கள்ளனா வச்சா நல்லா இருக்குமே?

வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுதியதற்கே இதுதான் முதல் காரணம். விளையாட்டில் கள்ளன் என்று பெயர் வாங்கிய பிள்ளையை மறுநாள் பாடசாலையிலும் "கள்ளன்" என்று கூப்பிடுவார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தச் சொல் இன்னும் ஆழமாகக் குத்தும். நம் ஆட்களை எதற்கெடுத்தாலும் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் வெளியே போதுமான அளவு இருக்கிறார்கள். பிள்ளையின் பிறந்தநாள் வீட்டுக்குள்ளும் அது வரக்கூடாது.

பிள்ளைகள் எல்லாரும் துப்பறிவாளர்கள். எடுத்தவர் எப்போதும் பிள்ளைகள் நேசிக்கும் ஒரு பெரியவர், எடுத்த காரணமும் அன்பான காரணம். ஒருவரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம், விலங்கு மாட்ட வேண்டாம். துவக்குப் பொம்மைகளையும் தவிர்த்துவிடுங்கள். துப்பறிவாளருக்குத் தேவை கொப்பியும் பென்சிலும்தான். வீட்டுப் பூனையையோ வாசலுக்கு வரும் காகத்தையோகூடக் குற்றவாளி ஆக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

6. விசாரணையில பெரியவங்க பொய் சொல்லணுமா?

பொய் தேவையில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையான, சுருக்கமான பதில் சொன்னால் போதும். "மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?" என்றால் "குசினியில பணியாரம் சுட்டேன்" என்பது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. சரியான கேள்வியைக் கேட்டால்தான் சரியான பதில் வரும் என்று பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள். ஒரு குழுவுக்கு ஓர் ஆளிடம் இரண்டு கேள்வி என்று வரம்பு வையுங்கள். வரம்பு இருந்தால்தான் கூடிப் பேசி, யோசித்துக் கேட்பார்கள்.

7. இரகசிய எழுத்து எப்படி எழுதுறது? இங்கிலீசு எழுத்துலதான் செய்யணுமா?

தமிழிலேயே மிக அழகாகச் செய்யலாம். நமது எழுத்துகள் ஏற்கெனவே ஒரு கட்டம்போலத்தான் அமைந்திருக்கின்றன: 18 மெய், 12 உயிர், இரண்டும் சேர்ந்து 216 உயிர்மெய். மெய்க்கு ஓர் எண், உயிருக்கு ஓர் எண் கொடுங்கள். க் 1, ங் 2, ச் 3 என்று தொடங்கி ன் 18 வரை. அ 1, ஆ 2 என்று தொடங்கி ஔ 12 வரை. முதலில் மெய்யின் எண், ஒரு கோடு, பிறகு உயிரின் எண். அப்படியானால் "கூடை" என்பது 1-6, 5-9. மெய் தனியாக வந்தால் பின்னால் பூச்சியம், உயிர் தனியாக வந்தால் முன்னால் பூச்சியம். "அடுப்பு" என்பது 0-1, 5-5, 9-0, 9-5.

அம்மாச்சி கொடுக்கும் துண்டில் 7-8, 11-3, 13-9 என்று எழுதுங்கள். அது "தேயிலை". குசினியில் தேயிலைத்தூள் டின்னுக்குள் மெழுகுதிரி. எண் கட்டத்தை ஒரு பிரிஸ்டல் போர்டில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் தரம் 3 பிள்ளைகூடத் தானே படித்துவிடும். ஆறு, ஏழு எழுத்துக்கு மேல் போக வேண்டாம், சலித்துவிடும். சொல்லுக்கு நடுவே "க" சேர்த்துப் பேசும் விளையாட்டு உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் விசாரணையில் ஒருவர் அப்படிப் பேசட்டும்.

8. கண்ணுக்குத் தெரியாத மையில எழுதலாம்னு சொல்றாங்களே, அது எப்படி?

எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடு காட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வழி. ஆனால் இப்போதைய எல்.ஈ.டி. பல்பு போதிய அளவு சூடாகாது. அயர்ன்தான் வேண்டும், அதைப் பெரியவர் மட்டும் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் கையில் எடுக்க முடியாத வேலை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

அதைவிட மஞ்சள் வழி நல்லது. மஞ்சள் கறை பட்ட உடுப்பில் சவர்க்காரம் போட்டால் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் செம்பழுப்பாகிறது. சவர்க்காரம் கரைத்த தண்ணீரிலோ அப்பச்சோடாக் கரைசலிலோ காது பஞ்சுக் குச்சியைத் தோய்த்து வெள்ளைத் தாளில் எழுதிக் காயவிடுங்கள். பிறகு பிள்ளைகள் மஞ்சள் தண்ணீரைத் தூரிகையால் பூசினால் எழுத்து சிவந்து வரும். சவர்க்காரத்தில் எழுதினால் நிறம் கூடுதலாகத் தெரியும். புகார் நாளில் தாள் காய நேரம் எடுக்கும், ஆகவே முதல்நாளே எழுதி வையுங்கள். பிள்ளைகளின் உடுப்புக்கு மேல் ஒரு பழைய சேர்ட்டைப் போட்டுவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளை மெழுகுதிரியால் அழுத்தி எழுதிக் கொடுத்து, மேலே வர்ணத் தண்ணீர் பூசச் சொன்னால் போதும். மெழுகு உள்ள இடத்தில் நிறம் ஒட்டாது.

9. கைரேகை எடுக்கப் பவுடர் எல்லாம் வாங்கணுமா?

ஒரு பென்சிலும் சேலோடேப்பும் போதும். தாளில் பென்சிலை அழுத்தித் தேய்த்துக் கரிபோல ஆக்குங்கள். பெருவிரலை அதில் உருட்டி, விரலின் மேல் சேலோடேப்பை ஒட்டி எடுத்து, வெள்ளை அட்டையில் ஒட்டினால் ரேகை தெளிவாக விழும். பிள்ளைகள் வந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயரும் பெருவிரல் ரேகையும் கொண்ட ஒரு துப்பறிவாளர் அட்டை. எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரமும் நல்லபடியாகப் போய்விடும்.

ரேகையில் மூன்று பெரிய வகை உண்டு. ஒரு பக்கமிருந்து வந்து வளைந்து அதே பக்கம் திரும்புவது வளையம், வட்டமாகச் சுற்றுவது சுழி, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மேடுபோல ஏறி இறங்குவது வில். ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம் வளையம், 30 முதல் 35 சதவீதம் சுழி, வில் 5 சதவீதம் அளவுதான். வில் ரேகை உள்ள பிள்ளைக்கு அன்றைக்கு ஒரே பெருமையாக இருக்கும்.

அம்மாவின், அம்மாச்சியின் ரேகையையும் எடுக்கச் சொல்லுங்கள். வருடக்கணக்காகக் கொழுந்து பறித்த விரல்களில் கோடுகள் தேய்ந்திருக்கும், குறுக்கே வெட்டுத் தழும்பு ஓடும், கறை படிந்திருக்கும். "ஏன் அம்மாவுடையது மட்டும் இப்படி இருக்கு?" என்று பிள்ளை கேட்கும். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். உடலுழைப்புச் செய்கிறவர்களுக்கு ரேகை தேய்வது உண்மையான விஷயம், உண்மையான புலனாய்விலும் அதைக் கவனிக்கிறார்கள்.

கண்ணாடிக் கிளாசில் பதிந்த ரேகையை எடுக்க வேண்டுமானால் மென்மையான தூரிகையால் கொக்கோத் தூளை லேசாகத் தூவுங்கள். குளிரில் விரல் வறண்டிருந்தால் ரேகை சரியாகப் பதியாது. நெற்றியில் ஒருமுறை தேய்த்துவிட்டுக் கிளாசைத் தொடச் சொல்லுங்கள், அந்த எண்ணெய்ப் பசை போதும்.

10. பேனைச் சோதனைன்னு சொன்னீங்களே, அது என்ன?

கறுப்பு மை பெரும்பாலும் பல நிறங்கள் கலந்தது. டிஷு தாளை ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு சென்டிமீற்றர் மேலே பேனையால் ஒரு பொட்டு வையுங்கள். பட்டையின் நுனி மட்டும் தண்ணீரில் படும்படி ஒரு கிளாசில் தொங்கவிடுங்கள். பொட்டு தண்ணீருக்குள் போகக்கூடாது. தண்ணீர் மேலே ஏற ஏற மையைப் பிரித்துக்கொண்டு போகும். ஒரு கம்பனியின் கறுப்பில் நீலமும் ஊதாவும் பிரியும், இன்னொன்றில் வேறு நிறங்கள் தெரியும். குறிப்பு எழுதிய டிஷுவின் ஓரத்திலும் ஒரு பொட்டு இருந்தால் அதையும் வெட்டித் தொங்கவிட்டு, மூன்றையும் ஒப்பிடலாம்.

தண்ணீரில் கரையும் ஃபெல்ட் பேனைதான் சரி. போல்பொயின்ட் பேனையும், அழியாத மார்க்கரும் தண்ணீரில் பிரியாது. இரண்டு வேறு கம்பனிப் பேனைகளை வாங்கி முதல்நாளே சோதித்துப் பாருங்கள், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

11. "இதெல்லாம் நெசமா பொலிஸ் செய்றதா?"ன்னு மகன் கேக்கிறான். என்ன சொல்றது?

ஆம் என்று துணிந்து சொல்லலாம். மைகளைப் பிரித்துப் பார்ப்பதும், கைரேகை ஒப்பிடுவதும், காலடி அளப்பதும் உண்மையான தடயவியல் வேலைகள்தான். காலடியிலிருந்து ஆளின் உயரத்தைக்கூட மதிப்பிடுவார்கள், பாதத்தின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். பிள்ளைகள் தங்கள் பாதத்தை அளந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் ஓரிடத்தைத் தொட்டால் எதையாவது விட்டுப் போவார், எதையாவது எடுத்துப் போவார் என்ற அடிப்படையை முன்வைத்தவர் எட்மண்ட் லொக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். 1910இல் லியோன் நகரில் குற்றப் புலனாய்வுக்கென்று ஓர் ஆய்வுகூடம் தொடங்கினார். நம் கதையின் சிவப்பு நூல் அந்த அடிப்படையில்தான் வருகிறது. கைரேகைகளை வகைப்படுத்தி அடுக்கும் முறையை உருவாக்கியதில் கல்கத்தாவில் வேலை செய்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. 1897இல் அங்கே கைரேகைப் பணியகம் தொடங்கியது. இலண்டன் ஸ்கொட்லன்ட் யார்டில் அது வந்தது 1901இல்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். துப்பறிகிறவர் என்றால் வெள்ளைக்காரத் தொப்பியும் நீண்ட கோட்டும் மட்டும்தான் என்று அவர்கள் நினைக்க வேண்டியதில்லை.

12. எந்த நாள், எத்தனை மணிக்கு வைக்கிறது? மழை வந்தா?

ஞாயிறு அல்லது போயா நாள். சனிக்கிழமை மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், பெரியவர்கள் இல்லாமல் இந்த விளையாட்டு நடக்காது. பகல் 2 மணிக்குத் தொடங்கினால் ஐந்துக்குள் எல்லாம் முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகள் வீடு சேரலாம்.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவ மழை. இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். ஆக, எந்த மாதமானாலும் வீட்டுக்குள்ளேயே முடியும்படி திட்டமிடுங்கள். வாசலில் வைக்கும் தடயத்தைப் பொலித்தீன் உறையில் போடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், விழாவைத் தள்ளி வையுங்கள். பிறந்தநாளை அடுத்த ஞாயிறும் கொண்டாடலாம்.

13. தேயிலை மலைக்குள்ள புதையல் மாதிரி ஒளிச்சு வச்சா இன்னும் ஜோரா இருக்குமே?

தேயிலைக்குள் அனுப்பாதீர்கள். குளவிக் கூடு எங்கே இருக்கிறதென்று தெரியாது. வேலை செய்யும் பெரியவர்களே குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அட்டை, வழுக்கும் கான், பாம்பு, சில தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. வாசலின் எல்லையில் ஒரு கயிறு கட்டி, "இதற்கு அப்பால் தடயம் எதுவும் இல்லை" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். ஒரு தடயம் எல்லைக்கு வெளியே இருந்தால் அடுத்த தடவை கயிற்றை யாரும் மதிக்க மாட்டார்கள். அடுப்பு எரியும் நேரத்தில் குசினியிலும் எதையும் ஒளிக்க வேண்டாம்.

14. சாப்பாடு?

வழக்கமானதே போதும்: ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், கடலை. 4ஆம் கேள்விக் கதையை எடுத்தால் பணியாரம் கட்டாயம். விளையாடி முடித்த பிள்ளைகளுக்குக் குளிர்ந்த சோடாவைவிடச் சுடச்சுட மைலோ நம் குளிருக்கு நல்லது. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

15. அதிகம் செலவழிக்க வசதியில்ல. அலங்காரம் இல்லாம நடத்தலாமா?

தாராளமாக. கைவசம் இருக்க வேண்டியது பென்சில், சேலோடேப், டிஷு, இரண்டு பேனை, ஒரு பிரிஸ்டல் போர்ட், கொஞ்சம் மஞ்சளும் மாவும். சந்தேக நபர் அட்டைகளைக் கையால் எழுதி, டவுனில் ஒரு போட்டோகொப்பி எடுத்தால் முடிந்தது. பழைய கடிதம்போலத் தெரிய வேண்டிய தாளைக் கடும் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால் பழுப்பேறிவிடும். அச்சடித்த பெரிய பெனரும் பலூன் வளைவும் பிள்ளைகள் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், தடயத்தை ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். கடன் வாங்கி அலங்காரம் செய்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பரிசு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொடுத்தால் அதிலேயே துப்பு எழுதுவார்கள், பிறகு பாடசாலைக்கும் உதவும்.

16. மகளோட கூட்டாளிகள்ல சிங்களப் புள்ளைகளும் முஸ்லிம் புள்ளைகளும் இருக்காங்க. எப்படிச் சமாளிக்கிறது?

தமிழ் எழுத்துக் கட்டத்தை வாசிக்காத பிள்ளை இருக்கும் குழுவுக்கு அளத்தல், நூல் ஒப்பிடல், மை சோதனை எல்லாம் மொழி இல்லாமலே நடக்கும். எண் கட்டத்தில் எண்ணைத் தேடித் தருவது அந்தப் பிள்ளையின் வேலை, எழுத்தைச் சேர்த்து வாசிப்பது தமிழ்ப் பிள்ளையின் வேலை. ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாது என்று வரும்போது நன்றாக ஒட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டை முழுக்க மரக்கறியாகச் செய்துவிட்டால் ஒருவரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டியதில்லை. கோழி ரோல்ஸ் வேண்டுமானால் ஹலால் கடையில் வாங்குங்கள்.

17. புள்ளையோட அம்மா குவைத்ல வேலை செய்றா. அவளயும் சேர்க்க முடியுமா அக்கா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, வரும்போதெல்லாம் மனது கனக்கிறது. கட்டாயம் சேர்க்கலாம், அதுவும் முக்கியமான இடத்தில். அம்மாவை "தூரத்துத் தகவலாளர்" ஆக்குங்கள். இரகசிய எழுத்தின் கட்டம் சுவரில் இல்லை, அது அம்மாவிடம்தான் இருக்கிறது. அவருக்கு அழைத்தால்தான் கிடைக்கும். பிள்ளைகள் எல்லாரும் போனைச் சுற்றி நிற்பார்கள். பிறந்தநாள் பிள்ளையின் அம்மாதான் வழக்கையே திறந்து வைக்கிறார்.

குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே பிற்பகல் 3 என்றால் அங்கே 12.30. துபாய் என்றால் ஒன்றரை மணி பின்னால். வேலை இடத்தில் அந்த நேரம் போன் எடுக்க முடியாமல் போகலாம், லயத்தில் சிக்னலும் நம்ப முடியாது. ஆகவே முதல்நாளே வட்ஸ்அப்பில் அவர் குரலில் ஒரு செய்தியும் கட்டத்தின் படமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கிடைத்தால் நேரில், கிடைக்காவிட்டால் குரல் செய்தி. பிள்ளை ஏமாறக்கூடாது.

18. ஒரு கெட்டிக்காரப் புள்ள முதல் அஞ்சு நிமிசத்துலயே எல்லாத்தையும் சொல்லிட்டா?

"சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும்" என்று முதலிலேயே விதி வையுங்கள். மூன்று தடயத்தையும் அட்டையில் எழுதி, ஒவ்வொன்றும் யாரை விலக்குகிறது என்று குழு முழுவதும் கையெழுத்துப் போட்டால்தான் விடை செல்லும். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை மற்றவர்களுக்கு விளக்க வேண்டி வரும். அது கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

19. எங்க புள்ளைக்கு வாசிப்பு கொஞ்சம் மெதுவு. மத்த புள்ளைகளுக்கு முன்னால கூசிப்போகுமே?

குழுவுக்குள் வேலைகளைப் பிரியுங்கள்: அளக்கிறவர், தேடுகிறவர், படம் வரைகிறவர், கேள்வி கேட்கிறவர், எழுதுகிறவர். பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதைக் கொடுங்கள். எந்தத் துப்பையும் "உரக்க வாசி" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லாதீர்கள், கூட இருக்கும் அக்கா வாசிக்கட்டும். வாசிப்பில் மெதுவான பிள்ளைகள் பல நேரம் கண்ணால் காண்பதில் கூர்மையானவர்கள். நூலை முதலில் பார்த்துவிடுவது அவர்கள்தான்.

20. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் இருக்கிற வருசம். இதுல நேரத்தப் போடலாமா?

ஒரு பிற்பகல்தானே. புலமைப்பரிசில் பரீட்சையின் முதல் வினாத்தாளும் யோசிக்கும் திறனைத்தான் பார்க்கிறது, இந்த விளையாட்டும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் அதற்காகப் புள்ளி போடாதீர்கள், நேரம் வைத்துத் துரத்தாதீர்கள். அந்த வருடப் பிள்ளைகளுக்கு வகுப்பிலும் டியூஷனிலும் போதுமான பரீட்சை இருக்கிறது.

21. விளையாட்டு நடக்கிறப்ப நெசமாவே ஒரு சாமான், காசு, காணாமப் போச்சுன்னா என்ன செய்றது?

விளையாட்டை அப்படியே தொடருங்கள், பிள்ளைகளிடம் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். "எல்லாரும் சி.ஐ.டி. தானே, இதையும் கண்டுபிடிப்போம்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகளின் பையைச் சோதிப்பதும், வரிசையில் நிறுத்துவதும் கூடவே கூடாது. 5ஆம் கேள்வியில் சொன்னது இங்கே பத்து மடங்கு பொருந்தும். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பெரியவர்கள் அமைதியாகத் தேடுங்கள். பெரும்பாலும் இடம் மாறித்தான் கிடக்கும். கிடைக்காவிட்டாலும் ஒரு பிள்ளையின் பெயர் அதில் அடிபடக் கூடாது.

இது வராமலிருக்க, பெறுமதியான பொருள்களை விளையாட்டுக்கு முன்பே ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

22. பொறந்தநாள் புள்ளையே ஒளிக்கிறப்ப பார்த்துட்டா? அடுத்த வருசமும் அதே புள்ளைகள்தான் வருவாங்க, அதே கதைய வைக்கலாமா?

பார்த்துவிட்டால் அந்தப் பிள்ளையைத் தலைமை அதிகாரி ஆக்கிவிடுங்கள். மற்றக் குழுக்கள் தடயத்தைக் கொண்டுவந்து காட்டும், அவர் முத்திரை குத்துவார். சில பிள்ளைகளுக்கு இரகசியம் தெரிந்து வைத்திருப்பதே பெரிய சந்தோசம்.

அடுத்த வருடத்துக்கு முறை அதேதான், பொருளும் ஆளும் காரணமும் மட்டும் மாறும். கேக் வெட்டும் கத்தியைச் சுற்றும் ரிபனை மாமா எடுத்து, தான் வாங்கிவந்த பரிசைக் கட்டியிருக்கலாம். வாழ்த்து அட்டையைச் சித்தி எடுத்து, தூரத்தில் இருக்கும் சொந்தக்காரரின் கையெழுத்து வாங்கப் போயிருக்கலாம். மேசையில் இருந்த ஒரு பெட்டிஸைப் பூனை கொண்டுபோயிருக்கலாம். அதற்கு மாவில் பூனை அடி பதிக்க, உருளைக்கிழங்கை அடிவடிவில் வெட்டி முத்திரைபோல அழுத்துங்கள்.